திருப்பூரும் ஆங்கிலத் துணைவினைகளும்

ஆங்கிலத்தில் 'கேன்', 'மே', 'மஸ்ட்', 'ஷல்', 'வில்' ஆகிய சொற்களும் அவற்றின் இணைகளான 'குட்', 'மைட்', 'ஷுட்', 'வுட்' ஆகியவையும் முதன்மை வினைக்கு முன் நின்று கட்டாயம், அனுமதி, இயலுமை, வாய்ப்பு, உறுதி ஆகிய பொருள்களைத் தருகின்றன. இலக்கண நூல்கள் இவற்றை மோடல் துணைவினைகள் என்று அழைக்கின்றன. 'இஃப்' என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியங்கள் பெரும்பாலும் இவற்றைச் சார்ந்தே நிற்கின்றன. தமிழ்வழியில் படித்தவருக்கு ஆங்கிலத்தில் கடைசிவரை பிடிகொடுக்காத பகுதியும் இதுதான். கால வடிவங்கள் பழகிவிடும், சொற்கள் சேர்ந்துவிடும். 'ஷுட்' எங்கே, 'மஸ்ட்' எங்கே என்பது மட்டும் பட்டப்படிப்பு முடித்தவரையும் தயங்க வைக்கும்.

பின்னலாடை நகரமான திருப்பூரில் இந்தத் தயக்கத்துக்கு விலை உண்டு. உள்நாட்டுக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் வெளிநாட்டுக்கு ஆடை அனுப்பத் தொடங்கியபின், வங்கிக் கடிதம், கொள்முதல் ஒப்பந்தம், தணிக்கை விதி, நீதிமன்ற ஆணை என ஒவ்வொன்றின் மூலமும் இந்தச் சிறு சொற்களைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. பள்ளி கற்பித்த துணைவினை வேறு, தொழில் கற்பித்த துணைவினை வேறு என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

பள்ளிக்கு வந்த விதி

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடம் செய்த ஒரு விதி உண்டு. 'நான்', 'நாங்கள்' என்னும் தன்மைக்கு 'ஷல்' வரும். முன்னிலைக்கும் படர்க்கைக்கும் 'வில்' வரும். இதை மாற்றிப் போட்டால் எதிர்காலம் என்ற பொருள் போய், உறுதி அல்லது கட்டளை என்ற பொருள் வந்துவிடும்.

இந்த விதியை வகுத்தவர் ஜான் வாலிஸ். 1653இல் இலத்தீன் மொழியில் அவர் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் இது இடம்பெற்றது. வாலிஸ் அடிப்படையில் கணித அறிஞர். முடிவிலியைக் குறிக்கும், படுத்த எட்டு போன்ற குறியீட்டை அறிமுகப்படுத்தியவரும் அவரே. ஆங்கிலேயர்கள் அன்றும் பேச்சில் இந்த விதியை முழுமையாகப் பின்பற்றவில்லை. ஆனாலும் பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் அதைத் தொடர்ந்து எழுதினார்கள். அங்கிருந்து அது குடியேற்ற நாடுகளின் பாடநூல்களுக்கு வந்தது. ரென், மார்ட்டின் இருவரும் இந்திய மாணவர்களுக்காக எழுதி, 1930களிலிருந்து அச்சில் இருந்துவரும் இலக்கண நூல் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. ஒரு கணித அறிஞர் ஒழுங்குபடுத்த விரும்பிய விதியை முந்நூறு ஆண்டுகள் கழித்துக் கொங்குநாட்டுப் பிள்ளைகள் எழுதிப் பழகினார்கள். இங்கிலாந்தில் அதற்குள் 'ஷல்' பேச்சிலிருந்து பெருமளவு விலகிவிட்டிருந்தது.

1950களில் சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் முறை மாறியது. இலக்கண விதிக்குப் பதிலாக வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சியாகத் தரும் பாடத்திட்டம் வந்தது. அதற்கு ஆசிரியர்களைத் தயாரிக்க 1959இல் பிரிட்டிஷ் கவுன்சில் துணையுடன் ஒரு பெரிய இயக்கம் தொடங்கியது. முதலில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டங்களில் மற்றவர்களுக்குப் பயிற்சி, அவர்கள் மேலும் பலருக்கு என்று பெருகிச் செல்லும் ஏற்பாடு அது. உருளும்போது பெரிதாகும் பனிப்பந்தைப் போல என்பதால் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று ஆங்கிலம் கற்பித்தல் துறையில் பெயர் பெற்றது. சுமார் 27,000 ஆசிரியர்களை எட்டுவது அதன் இலக்கு.

நல்ல நோக்கம்தான். ஆனால் வாக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறைக்குத் துணைவினை அவ்வளவாக இணங்காது. 'இது ஒரு பேனா' என்பதைப் பேனாவைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கலாம். 'மே' என்பதையும் 'மைட்' என்பதையும் எதைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பது? யார் யாரிடம் பேசுகிறார்கள், மறுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற சூழல் இல்லாமல் இவற்றின் பொருள் தெரியாது. வகுப்பறையில் மாணவர் கேட்ட ஒரே உயிருள்ள துணைவினை, கதவருகே நின்று சொல்லும் 'மே ஐ கம் இன்' மட்டுமே.

'மே' என்ற சொல்லைப் பற்றிய விவாதம்

இதே ஆண்டுகளில் ஒரு துணைவினை நாடாளுமன்றத்தில் பெரும் விவாதத்துக்கு உள்ளானது. அரசியலமைப்புச் சட்டத்தின்படி ஒன்றிய அரசின் அலுவல்மொழி இந்தி. ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகள், அதாவது 1965 ஜனவரி 26 வரை தொடரும். அதற்குப் பின்னும் ஆங்கிலம் தொடர்வதற்கு வழிசெய்யும் அலுவல்மொழிச் சட்டம் 1963இல் கொண்டுவரப்பட்டது. அன்றைய உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. சட்டத்தின் மூன்றாம் பிரிவு, இந்தியோடு கூடுதலாக ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட'லாம்' என்றது. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'மே'.

திராவிட முன்னேற்றக் கழக உறுப்பினர்கள் அந்தச் சொல்லை எதிர்த்தார்கள். 'மே' என்றால் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமலும் விடலாம் என்று பொருள். 'ஷல்' என்று எழுதினால்தான் அது உறுதி என்பது அவர்கள் வாதம். இந்தச் சூழலில் 'மே' என்பதற்கு 'ஷல்' என்றே பொருள் என்பது பிரதமர் நேரு தரப்பின் விளக்கம். பொருள் அதுதான் என்றால் 'ஷல்' என்றே எழுதிவிடுவதில் என்ன தடை என்று திருப்பிக் கேட்டார்கள். மாநிலங்களவையில் சி.என். அண்ணாதுரை எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். சட்டம் 'மே' என்ற சொல்லோடுதான் நிறைவேறியது.

இலக்கண நோக்கில் இரு தரப்புக்கும் ஆதாரம் உண்டு. ஒரு பொது அதிகாரிக்கு அதிகாரம் தரும் இடத்தில், அந்த அதிகாரத்தோடு கடமையும் சேர்ந்திருந்தால், 'மே' என்பதை 'ஷல்' என்று படிக்கும் வழக்கம் ஆங்கிலச் சட்டத்தில் இருக்கிறது. இந்திய நீதிமன்றங்களும் அப்படிப் படித்திருக்கின்றன. ஆனால் அந்தப் படிப்பைத் தருபவர் நீதிபதி. வழக்குப் போட்டபின்தான் அது கிடைக்கும். கட்டாயத்தைச் சட்டத்திலேயே எழுதிவைக்கச் சொன்னவர்களின் கோரிக்கை அந்த வகையில் மிகவும் நடைமுறை சார்ந்தது.

1965 தொடக்கத்தில் எழுந்த இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி கோவை மாவட்டத்தையும் விடவில்லை. அன்று அம்மாவட்டத்தில் இருந்த திருப்பூரிலும் பொள்ளாச்சியிலும் பிப்ரவரியில் வன்முறை வெடித்தது. பொள்ளாச்சியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. திருப்பூரில் காவல்துறையினரும் உயிரிழந்தனர். 1967இல் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், இந்தியை அலுவல்மொழியாக ஏற்காத மாநிலங்களோடு ஒன்றிய அரசு நடத்தும் தொடர்பில் ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்று 'ஷல்' போட்டு எழுதியது. அத்தகைய மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றும்வரை இந்த ஏற்பாடு தொடரும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. திருத்தத்துக்குப் பின்னும் மூன்றாம் பிரிவின் முதல் வாக்கியத்தில் 'மே' அப்படியே நிற்கிறது; அதன் கீழ் வந்த விலக்குரையில்தான் 'ஷல்' ஏறியது. சட்டத்தின் இந்தப் பக்கத்தை ஆங்கில வகுப்பில் பாடமாக வைத்திருந்தால், இரண்டு துணைவினைகளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மாணவருக்கும் மறந்திருக்காது.

எல்.சி. என்னும் பாடநூல்

திருப்பூர் பின்னலாடை 1970களின் இறுதிவரை பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கானது. வெள்ளைப் பனியனும் உள்ளாடையும் வட இந்திய மொத்த வியாபாரிகளுக்குப் போயின. அந்த வியாபாரத்துக்கு இந்தி எண்கள் தெரிந்தால் போதும். ஆங்கிலம் தந்தியோடு முடிந்துவிடும். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வழியாகத் திருப்பூரைத் தேடி வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதை தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். 1981இல் ஐரோப்பியச் சில்லறை நிறுவனமான சி அண்டு ஏ வந்தது. ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் 1978இல் தோன்றியிருந்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் அமைந்தது.

வெளிநாட்டு ஆர்டரோடு சேர்ந்து வந்தது எல்.சி. எனப்படும் வங்கிக் கடன் உறுதிக் கடிதம். சரக்கு வாங்குபவரின் வங்கி, குறித்த ஆவணங்கள் குறித்தபடி வந்தால் பணம் தருவதாக ஏற்கும் உறுதி அது. மொத்தக் கடிதமும் ஒரே ஒரு பெரிய 'இஃப்' வாக்கியம் என்று சொன்னால் மிகையாகாது. வங்கி சரக்கைப் பார்க்காது, காகிதத்தை மட்டுமே பார்க்கும். சட்டை நன்றாகத் தைக்கப்பட்டிருந்தாலும் ஆவணத்தில் பிழை இருந்தால் பணம் நிற்கும்.

இந்தக் கடிதங்களுக்குப் பன்னாட்டு வணிக அவை வெளியிடும் பொது விதித்தொகுப்பு உண்டு. யூ.சி.பி. 500 என்ற பதிப்பு 1994 ஜனவரி 1 முதலும், யூ.சி.பி. 600 என்ற பதிப்பு 2007 ஜூலை 1 முதலும் நடைமுறைக்கு வந்தன. துணைவினையைக் கவனமாகப் பயன்படுத்தும் ஆவணத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு குறைவு.

திருப்பூர்ச் சரக்கில் பெரும்பகுதி தூத்துக்குடித் துறைமுகம் வழியாகச் செல்கிறது. பெரிய கப்பல்களுக்கு அங்கிருந்து நேர்வழி குறைவாக இருந்ததால், சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே தாய்க்கப்பலுக்குக் கொள்கலனை மாற்றுவதே நெடுங்கால வழக்கம். ஆனால் சில எல்.சி.க்கள் இடையில் கப்பல் மாற்றக் கூடாது என்று தடைபோடும். கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஏற்றச் சீட்டிலோ, சரக்கு கப்பல் மாற்றப்படும் அல்லது மாற்றப்படலாம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் அந்தச் சீட்டு செல்லுமா? யூ.சி.பி. 600இன் இருபதாம் பிரிவு இதற்கு விடை சொல்கிறது. 'வில்' என்றிருந்தாலும் 'மே' என்றிருந்தாலும், முழுப் பயணமும் ஒரே சீட்டில் அடங்கி, சரக்கு கொள்கலனில் ஏற்றப்பட்டது என்று சீட்டு காட்டினால், எல்.சி. தடுத்திருந்தாலும் அந்தச் சீட்டு ஏற்கத்தக்கது. விதியை எழுதியவர்கள் இரண்டு துணைவினைகளையும் அருகருகே போட்டிருப்பது வீணாக அல்ல. ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் மற்றதை வைத்து ஏதாவது ஒரு வங்கி பணத்தை நிறுத்தியிருக்கும்.

அளவிலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. எல்.சி.யில் 'சுமார்' என்ற பொருள்தரும் சொல் அளவோடு சேர்ந்து வந்தால் பத்து விழுக்காடு கூடவோ குறையவோ அனுப்பலாம். அப்படிச் சொல் இல்லாவிட்டாலும் ஐந்து விழுக்காடு ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் அளவை எண்ணிக்கையாகச் சொல்லாமல் இருந்தால் மட்டுமே. நூலும் துணியும் கிலோவில் போகும்போது இந்தச் சலுகை கிடைக்கும். டி-சட்டை 'பீஸ்' கணக்கில் போவதால் கிடைக்காது. கட்டிங்கில் பத்துப் பீஸ் கூடுவதும் செக்கிங்கில் இருபது பீஸ் கழிவதும் அன்றாடம் நடக்கிற ஊரில், இந்த 'மட்டுமே' எத்தனை முக்கியம் என்பது சொல்லாமலே விளங்கும். ஏற்ற இறக்க விழுக்காட்டை எல்.சி.யிலேயே எழுதி வாங்கும் பழக்கம் இதனால் வந்தது.

தவணை முறையில் அனுப்பும் ஆர்டருக்கான விதி இன்னும் கடுமையானது. ஒரு தவணை குறித்த காலத்துக்குள் போகாவிட்டால், அந்தத் தவணைக்கும் அதற்குப் பின்வரும் எல்லாத் தவணைகளுக்கும் எல்.சி. பயன்படாமல் போய்விடும். இந்த வாக்கியத்தில் 'இஃப்' பகுதியை மட்டும் படித்து, 'அதற்குப் பின்வரும்' என்பதைக் கவனியாமல் விட்டால், மூன்றாம் தவணையை உரிய நாளில் அனுப்பியும் எல்.சி.யின் பாதுகாப்பு இருக்காது.

'வேண்டும்' என்பதன் அகலம்

இந்தத் தொழிலில் ஆங்கிலக் கடிதப் போக்குவரத்தைச் சுமப்பவர் மெர்ச்சண்டைசர். வாங்குபவருக்கும் தயாரிப்புத் தளத்துக்கும் இடையே நிற்பவர். காலையில் ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைத் தையல் மேலாளருக்குத் தமிழில் சொல்வதும், மாலையில் அவர் சொன்ன பதிலை ஆங்கிலத்தில் எழுதுவதும் அவர் வேலை. நாள் முழுவதும் துணைவினைகளை மொழிபெயர்ப்பவர் என்றே அவரைச் சொல்லலாம். சிக்கல் எங்கே வருகிறது என்பதை அவர் மேசையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

தமிழில் 'வேண்டும்' மிக அகலமான சொல். 'நான் போகணும்' என்றால் போக விருப்பம், போகத் தேவை, போயே தீரவேண்டிய கட்டாயம் மூன்றும் அதில் அடங்கும். சொல்பவரின் குரலும் சூழலும் எது என்று காட்டிவிடும். ஆங்கிலம் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது: விருப்பத்துக்கு 'வான்ட்', தேவைக்கு 'நீட்', வெளியிலிருந்து வரும் கட்டாயத்துக்கு 'ஹேவ் டு', அறிவுரைக்கு 'ஷுட்', விலக்கமுடியாத கட்டாயத்துக்கு 'மஸ்ட்'. 'நீங்கள் சாம்பிள் அனுப்பணும்' என்பதை 'யூ வான்ட் டு செண்ட்' என்று எழுதுவது தமிழரிடம் அடிக்கடி காணும் பிழை. எழுதியவர் கருதியது கடமை. படித்தவர் புரிந்துகொண்டது, தன் விருப்பத்தைப் பற்றி யாரோ ஊகிக்கிறார் என்று.

எதிர்மறையில் குழப்பம் இன்னும் கூடுகிறது. 'ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம்' என்று தமிழில் சொன்னால் அது தடையாகவும் இருக்கலாம், விலக்காகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'மஸ்ட் நாட்' தடை. 'நீட் நாட்' விலக்கு, அதாவது ஒட்டினாலும் குற்றமில்லை. தமிழிலும் 'ஒட்டக் கூடாது', 'ஒட்ட வேண்டியதில்லை' என்று பிரித்துச் சொல்ல வழி இருக்கிறது. அவசரப் பேச்சில் எல்லாம் 'வேண்டாம்' ஆகிவிடுகிறது. பேக்கிங் பகுதியில் அந்த வேறுபாடு ஐயாயிரம் பாலித்தீன் பைகளைத் திரும்பப் பிரிக்கும் வேலையாக வந்து நிற்கும்.

'லாம்' என்பதும் அப்படித்தான். 'போகலாம்' என்பது அனுமதி, வாய்ப்பு, யோசனை, அழைப்பு எல்லாமாகும். கொங்குப் பேச்சில் அதற்கு மேலும் ஒரு பயன் உண்டு. 'வெள்ளிக்கிழமை சரக்கு போயிருமா?' என்று கேட்டால், 'அனுப்பிரலாமுங்க' என்று பதில் வரும். இது 'அனுப்ப வாய்ப்பு இருக்கிறது' என்ற பொருளில் சொன்னதல்ல. மரியாதையோடு தரும் வாக்கு. 'அனுப்புவேன்' என்று நேராகச் சொல்வது கொஞ்சம் முரட்டுத்தனமாக ஒலிக்கும் என்பதால் 'லாம்' போட்டு மென்மையாக்குவது ஊர் வழக்கம். அதை அப்படியே 'வீ கேன் செண்ட்' என்று எழுதினால், வாக்கு வெறும் இயலுமையாகச் சுருங்கிவிடுகிறது. எதிர்முனையில் இருப்பவர் 'கேன் யூ, ஆர் வில் யூ?' என்று மறுபடி கேட்டால் இவருக்கு மனம் சங்கடப்படும். இருவரும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள்.

மரியாதையின் திசை ஆங்கிலத்தில் வேறுவிதமானது. 'இதை ஒருமுறை பார்த்துக்கொள்ள நீங்கள் விரும்பலாம்' என்ற பொருளில் 'யூ மே வான்ட் டு செக்' என்று வாங்குபவர் எழுதினால், அது விருப்பத்துக்கு விட்ட செய்தி அல்ல. பார்த்தாக வேண்டும் என்ற உத்தரவு. 'வீ வுட் அப்ரிஷியேட்' என்று தொடங்கும் வரியும் பெரும்பாலும் கட்டளையே. தமிழ் 'ங்க' சேர்த்தும் 'கொஞ்சம்' சேர்த்தும் காட்டும் பணிவை ஆங்கிலம் துணைவினையை இறந்தகால வடிவுக்கு மாற்றிக் காட்டுகிறது. 'கேன்' 'குட்' ஆவதும் 'வில்' 'வுட்' ஆவதும் காலத்தைப் பின்னுக்குத் தள்ளுவதற்காக அல்ல, பேசுபவர் தன்னைச் சற்று விலக்கிவைத்துக்கொள்வதற்காக.

இரு மொழிகளும் இந்தச் சொற்களைச் சேர்த்துக்கொண்ட வழி ஒன்றுபோலவே இருப்பது ஒரு சுவையான செய்தி. பழைய ஆங்கிலத்தில் 'ஷல்' என்பதன் மூலச்சொல் கடன்பட்டிருத்தலைக் குறித்தது. 'வில்' விருப்பத்தை, 'கேன்' அறிதலை, 'மே' வலிமையை. தமிழிலும் 'வேண்டு' விரும்புதல், 'முடி' நிறைவேறுதல், 'கூடு' சேர்தல், 'லாம்' என்பதில் ஒளிந்திருப்பது 'ஆகும்' என்பதன் சுருக்கமான 'ஆம்'. முழு வினைகளாக இருந்தவை தேய்ந்து துணையாகியிருக்கின்றன. தேய்ந்த பாதை வேறு என்பதால், ஒன்றுக்கு ஒன்று நேராகப் பொருந்துவதில்லை. 'வரக்கூடும்' வாய்ப்பாகவும் 'வரக்கூடாது' தடையாகவும் பிரிந்து நிற்பதை ஆங்கிலேயர் ஒருவர் கற்கும்போது, 'மே நாட்' கண்டு தமிழர் விழிப்பதைப்போலவே விழிப்பார்.

'ஆல்' விகுதியும் 'இஃப்' வாக்கியமும்

நிபந்தனைக்குத் தமிழில் 'ஆல்' போதும். வந்தால், அனுப்பினால், முடிந்தால். பழைய இலக்கணங்கள் 'செயின்' என்ற வாய்பாட்டில் சொன்ன எச்சம் இன்று 'செய்தால்' என்ற வடிவில் வழங்குகிறது. நடக்குமா நடக்காதா என்ற ஐயம் இருக்கும்போதும் இதுதான். நடப்பது உறுதி, எப்போது என்பதுதான் கேள்வி என்னும்போதும் பெரும்பாலும் இதுதான். 'பொங்கல் வந்தா போனஸ்' என்பதில் பொங்கல் வருவது ஐயமில்லை. ஆங்கிலம் இங்கே 'வென்' கேட்கும். 'இஃப்' போட்டால் பண்டிகை வருமா என்ற சந்தேகம் வந்துவிடும்.

பள்ளியில் நிபந்தனை வாக்கியத்தை மூன்று வகையாகச் சொல்லித் தருவார்கள். மூன்றாவதே கடினம் என்பது மாணவர் நம்பிக்கை. உண்மையில் அது தமிழருக்கு எளிது. 'நூல் நேரத்துக்கு வந்திருந்தால் அனுப்பியிருப்போம்' என்று தமிழிலேயே அந்த அமைப்பு முழுமையாக இருக்கிறது: வந்திருந்தால் என்பது 'இஃப்' பகுதியின் 'ஹேட்', அனுப்பியிருப்போம் என்பது 'வுட் ஹேவ்'. தாமதத்துக்குக் காரணம் எழுதும் கடிதங்களில் இது நிறையவே வரும்.

இடறுவது இரண்டாம் வகையில். 'விலையைக் குறைத்தால் ஆர்டர் தருவோம்' என்ற ஒரு தமிழ் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு வடிவம் உண்டு. 'இஃப் யூ ரெட்யூஸ், வீ வில்' என்பது நடக்கத்தக்க பேரம். 'இஃப் யூ ரெட்யூஸ்ட், வீ வுட்' என்பது கற்பனையாக ஒரு நிலையை வைத்துப் பேசுவது. அதில் வாக்குறுதி எதுவும் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் படித்து, விலையைக் குறைத்து, நூலையும் வாங்கி வைத்துவிட்டு ஆர்டருக்குக் காத்திருப்பவர் நிலை பரிதாபம். வாங்குபவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதில் வாக்கு எங்கே இல்லை என்பது இறந்தகால விகுதி ஒன்றில் மட்டுமே தெரிந்தது.

'அன்லெஸ்' இன்னொரு கண்ணி. 'ஐந்தாம் தேதிக்குள் ஒப்புதல் தராவிட்டால்' என்பதில் எதிர்மறை வினைக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'அன்லெஸ்' என்ற இணைப்புச்சொல்லே எதிர்மறையைச் சுமக்கிறது. தமிழ்ப் பழக்கத்தில் வினையிலும் ஒரு 'நாட்' சேர்த்தால், ஒப்புதல் தந்தால் ஆர்டர் ரத்து என்று பொருள் தலைகீழாகிவிடும்.

நொய்யல் வழக்கில் ஒரு நிபந்தனை

திருப்பூரின் வரலாற்றில் மிகப் பெரிய நிபந்தனை வாக்கியம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. சாயப்பட்டறைக் கழிவுநீர் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலத்தையும் கிணற்றையும் பாழாக்கியது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணை பிறப்பித்தது. கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலையைச் சாயத் தொழில் அடைய வேண்டும். அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 காசு, பிறகு 8 காசு, பிறகு 10 காசு என ஏறிச்செல்லும் தொகையைச் செலுத்த வேண்டும். 2007 ஜூலை 31க்குள் முடிக்காவிட்டால் ஆலைகளை மூட வேண்டும். உச்சநீதிமன்றம் 2009 அக்டோபரில் பொறுப்பை உறுதிசெய்து, மேலும் மூன்று மாதம் அவகாசம் தந்தது.

கெடு நகர்ந்துகொண்டே போனதால், 'மூட வேண்டும்' என்பதில் இருந்த 'ஷல்' வெறும் 'ஷுட்' போலப் பலருக்குத் தோன்றியிருக்கக்கூடும். ஒவ்வொரு அவகாசமும் அந்த எண்ணத்தை வளர்த்தது. 2011 ஜனவரி 28 அன்று, நீதிமன்ற அவமதிப்பு மனுக்களின் மீது, உயர்நீதிமன்றம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் சாய, சலவை ஆலைகளையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. சாயம் ஏற்ற வழியில்லாமல் துணி வெளியூர்களுக்குப் போனது. வேலையிழந்த தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். உப்புக் கரைசலை மீட்டு மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் தொழில்நுட்பம் கைகூடியபின் ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. ஆயக்கட்டு விவசாயிக்கோ அந்த 'ஷல்' நடைமுறைக்கு வருவதற்குள் பல போகங்கள் போய்விட்டிருந்தன.

தணிக்கைத் தாள்கள்

1990களின் இறுதியிலிருந்து ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் தொழிலாளர் நலன் பற்றிய நடத்தை விதிகளைக் கேட்கத் தொடங்கின. 1997இல் வெளிவந்த எஸ்.ஏ. 8000 தரநிலை அவற்றுள் ஒன்று. 'ஷல்' என்றால் 'மஸ்ட்' என்று அது தன் பக்கத்திலேயே விளக்கம் எழுதிவைத்திருக்கிறது. பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் எழுத்து நெறியும் இதே வகையானது: 'ஷல்' நிபந்தனை, 'ஷுட்' பரிந்துரை, 'மே' அனுமதி, 'கேன்' இயலுமை. வாலிஸ் தன்மைக்கும் படர்க்கைக்கும் பிரித்துக்கொடுத்த 'ஷல்' இங்கே எல்லா இடத்துக்கும் கட்டாயமாகிவிட்டது. நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் இதே நிலைதான். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதும், முப்பது பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும் 'ஷல்' கொண்டு எழுதப்பட்டவை.

இந்தச் சொற்கள் தமிழில் சுவரொட்டியாகப் பனியன் கம்பெனி வாசலில் ஒட்டப்படும்போது 'ஷல்', 'ஷுட்' இரண்டும் 'வேண்டும்' ஆகிவிடுகின்றன. எது உரிமை, எது வெறும் பரிந்துரை என்று படிக்கும் தொழிலாளிக்குத் தெரிவதில்லை. 'கட்டாயம் வழங்கப்பட வேண்டும்', 'வழங்குவது நல்லது' என்று பிரித்து எழுதத் தமிழில் இடம் தாராளமாக இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களுக்காக அதே தாள் இப்போது இந்தியிலும் ஒடியாவிலும் அச்சாகிறது. அங்கே 'சாஹியே' என்ற ஒரு சொல், தமிழில் 'வேண்டும்' சுமக்கும் அத்தனை பொருளையும் சுமந்துகொண்டு நிற்கிறது.